டேமேஜ் அண்ணனும் வால் இல்லாத சரக்கும்

கடவுள் உலகத்தைப் படைத்து முடித்ததும் டேமேஜ் அண்ணனிடம் ஒரு கையெழுத்துக்கு அனுப்பியிருந்தால், நாம் யாரும் இன்னும் டெலிவரி ஆகியிருக்க மாட்டோம். சூரியனில் சூடு அதிகம், கடலில் உப்பு அதிகம், நிலாவில் பதினேழு இடத்தில் குழி என்று மூன்று பிரதியில் எழுதி, கடைசியில் கடவுளையே சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லியிருப்பார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருந்ததாகச் சொல்வார்கள். ராயபுரத்தில் நாங்கள் வேலை பார்த்த சர்வே ஆபீஸில் யாரும் அதைப் பார்த்ததில்லை. துறைமுகத்தில் இறங்கும் சரக்கிலும், யார்டில் அடுக்கிய கன்டெய்னரிலும் எங்கே நசுங்கல், எங்கே கிழிசல், எங்கே துரு என்று பார்த்து எழுதிக் கொடுப்பது அந்த ஆபீஸின் தொழில். பார்ப்பவர் அவர். அவர் கிறுக்கிக்கொண்டு வருவதை ஆங்கிலம் போன்ற ஒன்றாக மாற்றி டைப் அடிப்பவன் நான். என்னை அவர் 'ரைட்டரு' என்றுதான் கூப்பிடுவார். வாரப் பத்திரிகையில் நான் எழுதுவதற்குக் கிடைத்த மரியாதை என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். குறிப்பெடுக்கிற எல்லாரையும் ஹார்பரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று பிற்பாடு தெரிந்தது.

அவருடைய சித்தாந்தம் எளிமையானது. எந்தப் பொருளுக்கும் ஆறு பக்கம். முன், பின், இடம், வலம், மேல், அடி. ஆறையும் பார்க்காமல் வாயைத் திறக்கக் கூடாது. ஆறையும் பார்த்தபின் வாயை மூடவும் கூடாது.

என் கல்யாணத்துக்கு வந்தார். எல்லாரும் வரிசையில் மேடையேறிப் போட்டோவுக்குச் சிரித்துவிட்டு இறங்க, இவர் மட்டும் எங்களைச் சுற்றி மேடைக்குப் பின்னால் போனார். ஐந்து நிமிடம் ஆளைக் காணவில்லை. பிறகு என் காதருகே வந்து, "பின்னால தெர்மாகோல் பேத்துகினு கீது நைனா, சாயாத" என்றார். மணமேடையில் நான் அன்று முழுக்க முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்ததை இன்றும் ஆல்பத்தில் பார்த்து, மாப்பிள்ளை என்ன கம்பீரம் என்பார்கள்.

என் முதல் கதை அச்சானபோது ஆசையாக அவரிடம் நீட்டினேன். படித்தார். பத்திரிகையைத் திருப்பிப் பின்னட்டையைப் பார்த்தார். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார்.

"ரெண்டாவது பாராவுல அமுங்கி கீது. நடுவுல தண்ணி பட்டுக் கீது. கடைசில ஓட்டை."

கோபம் வந்தது. வீட்டுக்குப் போய் மறுபடி படித்தேன். மூன்றும் சரி.

எங்கள் ரிப்போர்ட் தாளின் அடியில் 'நிலை' என்று ஒரு கட்டம் உண்டு. குறை ஒன்றுமில்லாத சரக்கென்றால் அதில் 'சவுண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். துறைமுகம் முழுக்க அந்த ஒரு சொல்லுக்குத்தான் காத்திருக்கும். மற்ற சர்வேயர்கள் அதை நாளுக்கு நாற்பது தடவை எழுதுவார்கள். டேமேஜ் அண்ணன் அந்தச் சொல்லை எழுதி நான் டைப் அடித்ததே இல்லை. புத்தம் புதிய காரில் சீட்டைக் கழற்றி அடியில் ஒரு துளி துருவைக் கண்டுபிடித்துவிட்டு, தூர்தர்ஷனில் வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும் பார்த்து முடித்த முகத்தோடு வந்து நிற்பார்.

இதற்குப் பின்னால் ஒரு காரணம் இருந்தது. ஒரே ஒரு தடவைதான் சொன்னார். டீ ஆறுகிற நேரத்துக்குள் சொல்லி முடித்துவிட்டார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

"வேலைக்கு வந்த புதுசு ரைட்டரு. மெஷின் பொட்டி ஒண்ணு. அஞ்சு பக்கம் பாத்தேன், பளபளன்னு கீது. மேஸ்திரி அவசரப்படுத்துனான். சவுண்டுன்னு போட்டு கையெழுத்து வெச்சிட்டேன். அடில பலகை உளுத்துப் போய்க் கீது. தூக்குனாங்கோ, புட்டுகினு வுழுந்துச்சு. என் தோஸ்து கால் மேல."

மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

"காசிமேட்ல வலை பின்னிகினு கீறான் இப்போ. உக்காந்துகினேதான்."

டம்ளரைத் தூக்கி அதன் அடியைப் பார்த்தார். விரிசல் இருந்தது. அதற்கப்புறம் எனக்கு அவர்மேல் கோபம் வருவது நின்றுபோனது. எரிச்சல் மட்டும் வரும்.

இனி சரக்குக்கு வருகிறேன்.

பத்து வருடம் முன்பு ஓர் அக்டோபர் காலை. சடையங்குப்பம் பக்கம் ஒரு யார்டில் காலி கன்டெய்னர்களைப் பார்த்துவிட்டு ஆபீஸுக்கு வந்தார். மஞ்சள் ஹெல்மெட் தலையில் இல்லை. கையில் ஏந்தி, மேலே கைக்குட்டையைப் போர்த்திக் கோயில் பிரசாதம் மாதிரி கொண்டுவந்தார்.

"ஸ்வீட்டாண்ணே?"

"கைய வெக்காத. மூச்சு வுட்டுகினு கீது."

யார்டில் ஒரு கன்டெய்னர் ராத்திரி முழுக்கக் கதவு திறந்து கிடந்திருக்கிறது. தரையைப் பார்க்க உள்ளே போயிருக்கிறார். மூலையில் இது நின்று இவரைப் பார்த்துக்கொண்டிருந்ததாம். கிட்டே போனால் பறக்கவில்லை. பறக்கத் தெம்பில்லை. குறிப்புத் தாளை என்னிடம் நீட்டினார்: 'தரையில் எண்ணெய்க் கறை, இரண்டு இடம். இடது மூலையில் பறவை ஒன்று. சரக்குப் பட்டியலில் இல்லை.'

கைக்குட்டையை எடுத்தார். ஒரு கைக்குள் அடங்கும் குருவி. வீட்டுக்கு வெள்ளையடித்து மிச்சமான பெயின்ட் டப்பாக்களையெல்லாம் ஒரே சுவரில் காலி செய்த மாதிரி நிறங்கள். முதுகு பச்சை. தோளில் பளிச்சென்று ஒரு நீலம். மார்பும் வயிறும் பாதாம்பால். கழுத்தடி வெள்ளை. கண்ணுக்குக் குறுக்கே திருடன் கட்டிய துணி போல ஒரு கறுப்புப் பட்டை, அதற்கு மேலே வெள்ளையாய் ஒரு கோடு. நெட்டையான கால். வால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முற்றுப்புள்ளி.

இது என்ன பறவை என்று அவர் கேட்டார். அங்கேதான் என் படிப்பு குறுக்கே வந்தது. பழைய பாட்டுகளில் எத்தனை பறவை வருகிறது, எது எந்தத் திணைக்கு உரியது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். எதிரே நிற்பது எது என்பதுதான் தெரியாது.

"மீன்கொத்திக் குஞ்சு" என்றேன். நீலம் இருக்கிறது, கடல் பக்கம், வேறென்ன வேண்டும்?

எதிர்க் கடை டீ மாஸ்டர் பாய் எட்டிப் பார்த்தார். "மீன்கொத்தியா? சும்மா கீறியா நீ? மூக்க பாரு. இது அப்பன் கிளி, ஆத்தா கவுதாரி. வூட்ட எதுத்து கட்டிகினு இருக்கும்."

போட்டோ எடுத்து என் பள்ளித் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எட்டு பேர் கைகூப்பினார்கள். ஒருவன் சூப்பர் என்றான். துபாயில் இருப்பவன், இது ஆஸ்திரேலியாவில் மட்டும்தான் இருக்கும், உனக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டான். நான்காவது பெஞ்ச் சுந்தரம், மசாலா என்ன போட்டாய் என்று கேட்டுவிட்டு என்னால் வெளியேற்றப்பட்டான்.

வாதம் வேடிக்கைக்காக இல்லை. பேர் தெரிந்தால்தான் சாப்பாடு தெரியும். கிளி என்றால் கொய்யா. கவுதாரி என்றால் தானியம். பாய் தினை வாங்கி வந்தார், குருவி தினை மேலேயே ஏறி நின்றது. நான் என் மீன்கொத்திக் கட்சியை விடாமல் காசிமேட்டிலிருந்து நெத்திலி தருவித்தேன். அதைக் குருவி ஒரு தடவை பார்த்தது. அப்புறம் என்னை ஒரு தடவை பார்த்தது. என் கதையைத் திருப்பி அனுப்பும் ஆசிரியர்கள் கடிதத்தில் எழுத முடியாததெல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது.

இதற்குள் அண்ணன் சர்வேயை ஆரம்பித்துவிட்டார். குருவியை உள்ளங்கையில் வைத்து முன், பின், இடம், வலம், மேல் என்று பார்த்தார். கடைசியாக, பூவைத் திருப்புவது போலத் திருப்பினார்.

அவர் முகம் மாறியது.

"ரைட்டரு. ரத்தம்."

பார்த்தேன். வயிற்றுக்குக் கீழே, வால் இல்லாத அந்த இடம்வரை, ரத்தச் சிவப்பு. யாருக்கும் சிரிப்பு வரவில்லை. டெட்டால் வந்தது, பஞ்சு வந்தது. ஒற்றி எடுத்தார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது.

"காஞ்சிட்ச்சு" என்றார். "ஏதோ ஒண்ணு வாலப் புடிச்சி இஸ்துக் கீது. வாலு போயி, அடில கிழிஞ்சி போச்சு."

அன்று அவர் எழுதிய ரிப்போர்ட்: 'பறவை ஒன்று. பெயர்: தெரியவில்லை. நிறம்: பல. வால்: வழியில் காணாமல் போனது. அடிப்பாகம்: ரத்தக்காயம். வால் முளைக்கும்வரை டெலிவரி இல்லை.' மூன்று பிரதி.

சாயங்காலம் எஸ்தர் அக்கா வந்தார். காலையில் பக்கத்து மாதா கோயில் தோட்டத்தையும், மாலையில் எங்கள் ஆபீஸையும் கூட்டுபவர். அண்ணனை 'டேமேஜு' என்று நேராகக் கூப்பிடும் உரிமை ராயபுரத்திலேயே அவர் ஒருவருக்குத்தான் உண்டு. ஹெல்மெட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"எப்பா, எலதள்ளி! இது இங்க இன்னா பண்ணுது?"

"உனுக்கு தெரியுமாக்கா?"

"தெரியாம? வருசா வருசம் ஜெபமால மாசத்துல வரும். மாதா கெபி பின்னால செடி அடில ரெண்டு நாளு, மூணு நாளு தங்கும். நான் கூட்டி குமிச்ச எலய தள்ளித் தள்ளி வுட்டு புழு துன்னும். என் வேலைய ரெண்டு வேலையாக்கிட்டு அப்பால போயிடும்."

"வாலு?"

"அதுக்கு ஏதுப்பா வாலு?"

அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எதிர்த்தரப்பு சர்வேயரை மடக்கும்போது அப்படித்தான் உட்காருவார்.

"அக்கா, நீ எட்ட நின்னு பாத்துருப்ப. ஆறு பக்கமும் பாத்தியா?"

"நான் இன்னா அத்த பொண்ணு பாக்கவா போனேன்?"

"அடி பாத்தியா, அடி?"

"இப்ப உனுக்கு வுழும்பாரு அடி" என்று சொல்லிவிட்டு அக்கா போனார். பத்து நிமிடத்தில் ஒரு கொட்டாங்கச்சியில் ஈர மண்ணும் மண்புழுவுமாகத் திரும்பினார். குருவி நிமிர்ந்தது. முதல் புழு எப்படிப் போனதென்று யாரும் பார்க்கவில்லை. அடுத்தடுத்து ஆறு போனது. பாய் தன் தினைப் பொட்டலத்தைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். நெத்திலியை நான் வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்கச் சொன்னேன்.

ஆனாலும் அண்ணன் இறங்கி வரவில்லை. "சாப்பாடு கரெக்டு. வாலு வேற மேட்டரு" என்று சொல்லி, பழைய கோப்புகள் இருக்கும் பின்னறையில் குருவியை விட்டுப் பூட்டினார்.

மறுநாள் காலை கதவைத் திறந்தால் தரை முழுக்கக் காகிதம். குருவி ஒவ்வொரு தாளாக அலகால் புரட்டிப் புரட்டிப் போட்டு அடியில் கரப்பான் தேடிக்கொண்டிருந்தது. எங்கள் ஆபீஸின் இருபது வருட ரிப்போர்ட்களை முழுவதும் புரட்டிப் பார்த்த உயிர் இன்றுவரை அது ஒன்றுதான்.

தெம்பு வந்துவிட்டது. வந்ததும் போக வேண்டும் என்கிற நினைப்பும் வந்துவிட்டது. வடக்கே காட்டிலிருந்து கிளம்பித் தெற்கே காட்டுக்குப் போகிற வழியில் எங்கள் பேட்டையில் விழுந்த பறவை அது. அது அப்போது எங்களுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்திருந்தது. மத்தியானத்திலிருந்து ஜன்னல் கண்ணாடியில் போய் மோத ஆரம்பித்தது. தரையில் விழும், தத்தித் தத்திப் பின்னால் வரும், மறுபடி போய் மோதும். 'தட்' என்று ஒரு சத்தம். நான் டைப் அடிப்பதை நிறுத்தினேன். அண்ணன் பேனாவை மூடினார். மறுபடி 'தட்.' ஜன்னலில் சாக்குத் துணியைக் கட்டினோம். ஓரத்து வெளிச்சத்தில் போய் மோதியது.

நாலு மணிக்கு நெற்றியில் ஒரு சிவப்புத் துளி. அண்ணன் பஞ்சால் ஒற்றினார். இந்தத் தடவை பஞ்சு சிவந்தது.

எஸ்தர் அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். "டேமேஜு, நீ பாத்த டேமேஜு பொய்யி. நீ பண்ற டேமேஜு மெய்யி. இன்னும் ஒரு ராத்திரி இது தாங்காது. கதவ தொற, தோட்டத்துல வுட்டுடலாம்."

"வாலு இல்லாம எப்டிக்கா திரும்பும்? ஸ்டியரிங் இல்லாத லாரிய ரோட்ல வுடுவியா நீ? அங்க பூனை கீது, நாயி கீது. நான் சரின்னு சொல்லி, இன்னொரு தபா..."

முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை. காசிமேட்டில் உட்கார்ந்துகொண்டே வலை பின்னுகிறவர் எங்கள் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டார். நான் படித்த பழைய பாட்டு ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை. உள்ளே மறுபடி 'தட்.'

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம், தோட்டத்திலிருந்து, அந்தக் குரல் கேட்டது. யாரோ விரலை மடித்து விசிலடித்த மாதிரி இரண்டு சுரம். முதலாவது மேலே ஏறியது, இரண்டாவது கீழே இறங்கியது. கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி.

பின்னறையில் மோதல் நின்றது. ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு பூட்டிய கதவுக்குள்ளிருந்து அதே இரண்டு சுரம்.

அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தே முக்கால். அதையும் குறித்துக்கொண்டு, அட்டையும் பேனாவுமாக எழுந்தார்.

"இன்னொரு சரக்கு கீது. வா."

ஜெபமாலைக்கு ஜனம் கூடுகிற நேரம். முக்காடு போட்ட பெண்கள், துறைமுக ஷிப்ட் முடித்து அப்படியே வந்தவர்கள், ரயில்வே சட்டைகள். மாதா சிலை நிற்கும் சின்னக் குகையான கெபிக்குப் பின்னால் குரோட்டன்ஸ் செடிகளின் அடியில் அக்கா குவித்து வைத்த சருகு ஆடியது. ஒரு இலை பறந்து வெளியே விழுந்தது. இன்னொன்று. அப்புறம் அது தத்தி வெளியே வந்தது. அதே பச்சை, அதே நீலம், அதே திருடன் முகம்.

அண்ணன் எழுத ஆரம்பித்தார். எதிரே வந்தது: முன். திரும்பிற்று: பின். வாலில் முற்றுப்புள்ளி. அவர் பேனா ஒரு கணம் நின்றது. இடம், வலம். குனிந்து நின்று மேல். ஐந்து பக்கம் ஆயிற்று.

குருவி பாத்தி ஓரத்தில் நட்டிருந்த செங்கல் மேல் ஏறி நின்றது.

டேமேஜ் அண்ணன் நெற்றி நிறைய விபூதியோடு, மாதா கெபியின் பின்னால், ஈர மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். தாடையைத் தரையில் வைத்துக் கண்ணை மேலே உருட்டினார். ஜெபமாலைக் கூட்டம் திரும்பிப் பார்த்தது.

"யாருடி அது?"

"டேமேஜு மாரி கீதே."

"அட மாதாவே! அதுவே வந்து வுழுந்துட்ச்சா?"

ஒரு பாட்டி சிலுவை போட்டுக்கொண்டார். பங்குச் சாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விரைந்து வந்தார். குனிந்து, மிகுந்த கனிவோடு, "மகனே, என்ன வேண்டுதல்?" என்றார்.

"ஷ்ஷ்! அடி பாத்துகினு கீறேன் ஃபாதர்."

சாமியார் என்னைப் பார்த்தார். நான் மாதாவைப் பார்த்தேன்.

செங்கல் மேல் குருவி முன்னே சாய்ந்து, அந்தத் துக்கடா வாலை இரண்டு தரம் ஆட்டியது. அடியில் அதே சிவப்பு. அதே இடம். அதே அளவு.

அண்ணன் எழுந்திருக்கவில்லை. மண்ணில் கிடந்தபடியே பேசினார். மெதுவாக, தனக்கே ஒப்பிப்பது போலப் பேசினார்.

"ரெண்டு சரக்குல, ஒரே எடத்துல, ஒரே டேமேஜு இருந்தா..."

"இருந்தா?"

"அது டேமேஜு இல்ல ரைட்டரு. மேக்கு. பண்ணும்போதே அப்டிப் பண்ணிக் கீறான்."

சட்டையெல்லாம் மண்ணோடு எழுந்து ஆபீஸுக்கு நடந்தார். பின்னாலேயே நான், அக்கா, சாமியார், என்னவென்று தெரியாமலே ஏழெட்டுப் பேர். பின்னறையைத் திறந்து குருவியை ஹெல்மெட்டில் எடுத்துக் கைக்குட்டையைப் போர்த்தினார். வாசலில் நின்றார்.

"ரைட்டரு, ஃபாரம்."

"இப்பவாண்ணே? இருட்டிக்கிட்டு வருது."

"கையெழுத்து இல்லாம எப்டி வெளிய போவும்?"

எழுதினார். அந்த ஒரு கட்டத்தின் மேல் பேனா வெகுநேரம் நின்றது. என் தோளுக்கு மேல் எல்லாரும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். எழுதி முடித்து என்னிடம் கொடுத்தார். 'நெற்றியில் சிறு கீறல். சர்வேயரால் ஏற்பட்டது. மற்றபடி சவுண்டு.'

பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் எஸ்தர் அக்கா கையெழுத்துப் போட்டார். சாட்சிக்குப் பங்குச் சாமியார்.

சருகுக் குவியலுக்குப் பக்கத்தில் ஹெல்மெட்டைச் சாய்த்தோம். குருவி இரண்டு தத்துத் தத்தி நின்றது. ஒரு இலையைத் தூக்கி எறிந்தது. அடியில் இருந்த எதையோ விழுங்கியது. எங்கள் பக்கம் பின்புறத்தைக் காட்டி வாலை ஆட்டிவிட்டுச் செடிக்குள் போனது. நன்றி என்று ஏதும் இல்லை.

"பறக்கலியே?" என்றார் அண்ணன்.

"வேணும்போது பறக்கும், நீ மொறைக்காத" என்றார் அக்கா.

விடிந்ததும் அண்ணன் போய்ப் பார்த்திருக்கிறார். எனக்குத் தெரியாது, அக்காதான் சொன்னார். செடியடியெல்லாம் தேடி, பூனை தின்ற அடையாளம், இறகு, எதுவும் இல்லை என்று ஊர்ஜிதம் செய்துகொண்ட பிறகுதான் டீ குடித்தாராம். அன்று டம்ளரின் அடியைப் பார்க்கவில்லை என்றார் பாய். அதை நான் நம்பவில்லை.

தெற்கத்தி நண்பர் ஒருவர் பிற்பாடு சொன்னார்: அவர்கள் பக்கம் அதற்கு ஆறுமணிக்குருவி என்று பேர், காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் கூப்பிடுமாம். அண்ணனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். குறிப்புத் தாளை எடுத்துப் பார்த்தார்.

"அஞ்சே முக்காலுக்கு கத்திகினு ஆறு மணியா? கால் மணி ஷார்ட்டு. எழுதிக்கோ."

ரிடையர் ஆகும்வரை அவர் வேறு எதற்கும் 'சவுண்டு' எழுதவில்லை. திருந்திவிட்டார் என்று முடித்தால் கதை நன்றாக இருக்கும், ஆனால் கடைசியில் ஓட்டை என்பார். இப்போது மகளோடு பெங்களூரில் இருக்கிறார். அந்த ஊரின் ஆறு பக்கத்தையும் பற்றி அவர் சொல்வதை இங்கே எழுத முடியாது. முட்டி போய்விட்டது, கண் ஆபரேஷன் ஆயிற்று, பஸ் ஏறி வர முடிவதில்லை. ஆனால் வருடா வருடம் ஜெபமாலை மாதத்தில், சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குப் போன் வரும். நலமா, குடும்பம் எப்படி, ஒன்றும் கிடையாது.

"வந்துச்சா?"

"வந்துச்சுண்ணே."

"வாலு?"

"இல்ல."

"கரெக்டு" என்று வைத்துவிடுவார்.

போன அக்டோபரில் தோட்டத்தின் பாதியைச் சமன் செய்து சிமென்ட் கல் பதித்துவிட்டார்கள். மழையில் சேறாகிறது என்று ஜனங்கள் கேட்டது நியாயம்தான். கெபிக்குப் பின்னால் நாலு குரோட்டன்ஸ் மட்டும் மிச்சம். எஸ்தர் அக்கா அதன் அடியில் பிடிவாதமாகக் கொஞ்சம் சருகு சேர்த்து வைத்திருக்கிறார். மாதம் முழுக்க நான் போய் நின்றேன். இலை ஆடவில்லை. கடைசி நாளில் போன் வந்தது.

"வந்துச்சா ரைட்டரு?"

செடியைப் பார்த்தேன்.

"வந்துச்சுண்ணே."

"வாலு?"

"இல்லண்ணே."

"அடில செகப்பு?"

"இருக்கு."

உலகத்தில் எந்தப் பொட்டிக்குள்ளும் இருக்கும் ஓட்டையைத் தட்டிப் பார்த்தே சொல்கிறவர் அவர்.

"ஆறு பக்கமும் பாத்தியா?"

"பாத்தேண்ணே."

"அப்ப சவுண்டு" என்று வைத்துவிட்டார்.

ஜெபமாலை ஆரம்பித்தது. சரக்குதானே, வழியில் காற்று மழை இருந்திருக்கும், கொஞ்சம் தாமதமாகக்கூட வந்து சேரலாம். அப்படி வந்துவிட்டால் அண்ணனிடம் நான் சொன்னது பொய்யாகாது என்று, கடைசி மெழுகுவத்தி அணைகிறவரை அந்தச் செடியடியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.